ஆறா, ஏழா என்று கேட்டாய்

மகனே,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்கவில்லை. நீ நலமாக இருப்பது எனக்குத் தெரியும். நலமில்லாதவன் வண்டியின் உள்கூரை கறுப்பாக இருக்கலாமா சாம்பல் நிறமாக இருக்கலாமா என்று முக்கால் மணி நேரம் போனில் பேச மாட்டான். போன செவ்வாய்க்கிழமை பேசி முடிக்கும்போது கேட்டாய்: "அப்பா, எல்லாம் முடிவு பண்ணியாச்சு. ஆறு சீட்டா ஏழு சீட்டாங்கது மட்டும்தான் பாக்கி. ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லிருங்க. சீட்டு விஷயத்துல ஒங்களுக்குத் தெரியாததா?" யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். உனக்கு வேண்டியது ஓர் எண். போனில் தட்டிவிட்டால் தீர்ந்தது. ஆனால் நாற்பத்திரண்டு வருஷமாகப் பேட்டையில் வண்டிகளுக்குச் சீட் தைக்கிறவனிடம் சீட்டைப் பற்றிக் கேட்டுவிட்டாய். ஆகவே கொஞ்சம் உட்கார்ந்து படி. உன் மனைவியும் படிக்கட்டும், உன் மாமனார் மாமியாரும் படிக்கட்டும். ஒளித்து வைத்துப் படிக்கிற மாதிரி எழுதும் உத்தேசம் எனக்கு இல்லை.

அந்த வண்டி நம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். பொங்கல் லீவுக்கு நீங்கள் எல்லோரும் பெங்களூரிலிருந்து வந்திருந்தீர்கள். உன் மாமனார் மாமியாரையும் கூட்டி வந்திருந்தாய். மதுரையிலிருந்து வண்டியை வாசலுக்கே அனுப்புகிறார்கள், ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று இரண்டு நாளாக அதே பேச்சு. வந்த வண்டி தச்சநல்லூரில் நம் தெருவுக்குள் நுழையவில்லை. முனையிலேயே நின்றுவிட்டது. எதிர்வீட்டு அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏலே, இது வண்டியாலே, கல்யாண மண்டபமா? உள்ள பந்தி போடலாம் போலிருக்கே" என்றார். உனக்கு வாயெல்லாம் பல். மூன்று வரிசை, இத்தனை காற்றுப்பை, கூரை முழுக்கக் கண்ணாடி என்று அவருக்கு நீயே விற்பனைக்காரன் மாதிரி விளக்கினாய். உண்மையான விற்பனைக்காரர் டை கட்டிக்கொண்டு பக்கத்தில் சும்மா நின்றார். பெருமைப்படுவது தப்பில்லை. நானும் என் முதல் வேனை வாங்கியபோது அதே முனையில் அதே மாதிரிதான் நின்றேன்.

மருமகள் பிள்ளைகளோடு வீட்டில் இருந்துகொண்டாள். நீ ஓட்ட உட்கார்ந்தாய், பக்கத்தில் விற்பனைக்காரர். நடு வரிசையில் தனித்தனியாக இரண்டு சிம்மாசனம். கேப்டன் சீட் என்று பெயராம். அதில் உன் மாமனாரும் மாமியாரும் ஏறி உட்கார்ந்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த மனிதர் உன் அம்மா நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, "நீங்க இங்க உக்காருங்கம்மா" என்று எழுந்திருக்கப் பார்த்தார். நீதான் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே, "இருக்கட்டும் மாமா, அம்மாவுக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான்" என்றாய். உன் அம்மாவுக்கு ஆவணியில் வலது மூட்டில் ஆபரேஷன் ஆனது உனக்குத் தெரியாமல் இல்லை. ஆபரேஷனுக்குப் பூங்கொத்து அனுப்பியிருந்தாய். பெரிய பூங்கொத்து. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நர்ஸ் தண்ணீர் வாளியில் வைத்தாள்.

இரண்டு சிம்மாசனங்களுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தது. அதன் வழியாகத்தான் பின்வரிசைக்குப் போக வேண்டும். உன் அம்மா குனிந்து, கையை ஊன்றி, மடக்கக் கூடாத காலை மடக்கி, முந்தானை எங்கோ மாட்டிக்கொள்ள அதை இழுத்து எடுத்து, தவழ்ந்து போனாள். நான் பின்னாலிருந்து இடுப்பைத் தாங்கினேன். அப்புறம் நானும் அதே வழியில் தவழ்ந்தேன். நாங்கள் இன்னும் உட்கார்ந்துகூட முடியவில்லை, விற்பனைக்காரர் உன்னிடம் கேட்டார்: "பின் வரிசையில ரெகுலரா யாரு சார் வருவாங்க?" நீ சொன்னாய்: "ரெகுலரா யாருமில்ல. ஊருக்கு வந்தா அப்பா அம்மா உக்காருவாங்க, அவ்வளவுதான்." அவர், "அப்ப சும்மா வர்றவங்கதானே சார், அதுக்கு இந்த இடம் தாராளம்" என்றார். நீ சிரித்தாய். பின்னால் இருப்பவர்களுக்குக் காது கேட்காது என்று நினைத்தாயா, கேட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தாயா என்பதை நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாங்குநேரி வரை போய்த் திரும்பினோம். நீ சீட்டைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன், இது தொழில்காரன் பேச்சு. பின்வரிசைச் சீட் தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லை. அதனால் முழங்கால் நெஞ்சுக்கு வருகிறது, தொடை அந்தரத்தில் நிற்கிறது, உடம்பின் பாரம் முழுக்க வால் எலும்பில் இறங்குகிறது. பின் கண்ணாடி பிடரியிலிருந்து நாலு விரல் தூரம். பின்னாலிருந்து எவனாவது இடித்தால் முதலில் வாங்கிக்கொள்வது அங்கே உட்கார்ந்திருப்பவரின் தலைதான். இன்னொன்று உனக்குத் தெரிந்திருக்காது, அவரும் சொல்லியிருக்க மாட்டார். முன் இரண்டு வரிசைக்கும் அசல் தோல் போட்டிருக்கிறார்கள். பின்வரிசைக்கு அதே நிறத்தில், அதே தையலில், ரெக்சின். கண்ணுக்குத் தெரியாது. விரல் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. செய்தவனுக்கும் தெரிந்திருக்கிறது, அங்கே யாரை உட்கார வைப்பார்கள் என்று.

சீட்டுக்கு அடியில் கையை விட்டும் தடவிப் பார்த்தேன். போல்ட்டுகள் நல்ல தரம், சரியாக முடுக்கியிருந்தார்கள். நான் ஏன் தடவினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். மூன்றடைப்பு வந்தபோது உன் அம்மா மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஊர் தாண்டிய பிறகுதான் விட்டாள். அப்போது நீ முன்னால் உன் மாமனாருக்குப் பாட்டுப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தாய்.

ஏறுவதைவிட இறங்குவது கேவலம். மூட்டு பிடித்துக்கொண்டது. உன் அம்மா திரும்பி உட்கார்ந்து, பின்பக்கமாகவே நகர்ந்து, முட்டி போட்டு வெளியே வந்தாள். தெருமுனையில் பத்துப் பேர் நின்று பார்க்கிறார்கள். நீ போனை நீட்டி, "அம்மா, இங்கன பாரு, சிரி" என்று வீடியோ எடுத்தாய். அவளும் சிரித்தாள். அந்த வீடியோ குடும்ப குரூப்பில் இன்னும் கிடக்கிறது, கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். அவள் வீட்டுக்குள் வந்து அந்தக் காலோடு நின்று எல்லோருக்கும் காபி போட்டாள். விற்பனைக்காரருக்குச் சர்க்கரை குறைவாக வேண்டுமா என்றுகூடக் கேட்டாள்.

உன்னைத் திட்டத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்று நினைத்தால் பொறு. திட்டும் யோக்கியதை எனக்கு இருந்திருந்தால் அன்றைக்கே தெருமுனையில் வைத்துத் திட்டியிருப்பேன். எனக்கு வந்தது கோபமில்லை, பயம். "எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான்" என்று நீ சொன்னபோது கண்ணாடியில் உன் முகம் தெரிந்தது. அது என் முகம். நாற்பத்து மூன்று வயதில் எனக்கு இருந்த முகம். மூக்கையும் நெற்றியையும் சொல்லவில்லை. ஓர் ஆளை எங்கே திணிக்கலாம் என்று ஒரு நொடியில் கணக்குப் போட்டு முடித்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போகிற முகத்தைச் சொல்கிறேன். நம் வீட்டில் அதற்கு ஒரு சொல் உண்டு. 'தானே.' அம்மாதானே. அப்பாதானே. சும்மா வர்றவங்கதானே. அந்தச் சொல்லை நீ என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டாய். நான் அதை உன் செண்பகம் அத்தையிடம் பயன்படுத்தினேன்.

அவளைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் நீ குழந்தையாக இருந்தபோது தெரிந்ததுதான். எனக்கு ஐந்து வயது மூத்தவள். கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு தையல் மெஷினுமாகத் திரும்பி வந்தாள். என் முதல் சீட் கவர் அந்த மெஷினில் தைத்தது. தைத்தது நானில்லை, அவள். ரெக்சினில் ஊசி எப்படி இறங்க வேண்டும், மூலை திரும்பும்போது துணியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவள் அவள்தான். பேட்டைக் கடைக்குப் போர்டு எழுதியபோது என் பெயரை மட்டும் எழுதச் சொன்னேன். அவள் வந்து பார்த்துவிட்டு, "எழுத்து நல்லா இருக்குலே" என்றாள். வீட்டு நிர்வாகம் முழுக்க அவள் பார்த்தாள். நீ பிறந்த பிறகு உன்னையும் அவள்தான் பார்த்தாள். உன் அம்மா கையால் நீ சாப்பிட்டதைவிட அவள் கையால் சாப்பிட்டது அதிகம்.

உனக்கு ஒன்பது வயதில் அந்தப் பழைய வேனை வாங்கினேன். அதற்கு இரண்டு வரிசைதான். எங்கே புறப்பட்டாலும் எல்லோரும் ஏறி முடித்தபின் மிச்சம் இருக்கிற இடம் அத்தைக்கு. இடம் மிச்சமில்லை என்றால் அவள் வீட்டைப் பார்த்துக்கொள்வாள். நாங்குநேரியில் என் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் வந்தது. உன் அம்மா வீட்டிலிருந்து இரண்டு பேர் தூத்துக்குடியிலிருந்து முந்தின நாளே வந்துவிட்டார்கள், அவர்களை விட்டுவிட்டுப் போக முடியாது. அத்தைக்கும் இந்தக் கல்யாணத்துக்குப் போயே தீர வேண்டும் என்று ஆசை, மணப்பெண்ணை எடுத்து வளர்த்தவள். அதனால் சாயங்காலம் கடையில் கிடந்த ஒரு சின்ன பெஞ்சு சீட்டை எடுத்து வேனின் பின்கதவை ஒட்டி, பின்பக்கம் பார்த்து உட்காரும்படி மாட்டினேன். மூன்றாவது வரிசை. ஊரில் வேன் வைத்திருந்த பாதிப்பேர் என்னிடம் வந்து மாட்டிக்கொண்டு போனது அதைத்தான்.

மாட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. தரைத் தகட்டில் துளை போட்டு, வண்டிக்கு அடியில் கனமான இரும்புப் பட்டை கொடுத்து, மேலிருந்து போல்ட்டை இறக்கி, கீழே படுத்துக்கொண்டு நட்டை முடுக்க வேண்டும். இரண்டு மணி நேர வேலை. வாடிக்கைக்காரர்கள் தலைகீழாக நின்று அவசரப்படுத்தினாலும் நான் அதில் ஒரு நட்டைக் குறைத்ததில்லை. "பைய வாரும் வே, சீட்டுல மனுசன்லா உக்காருவான்" என்று எத்தனை பேரைக் காக்க வைத்திருக்கிறேன். அன்றைக்கு மேலிருந்தபடியே நாலு ஸ்க்ரூவைத் தகரத்தில் முடுக்கினேன். பத்து நிமிஷம் ஆகவில்லை. சோம்பல்கூட இல்லை. அடியில் படுத்தால் புதுச் சட்டை அழுக்காகும் என்று இருந்தது, இரவு உள்ளூரில் இன்னொரு வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு வேறு போக வேண்டியிருந்தது. என் மனதில் ஓடியது இவ்வளவுதான்: ஒரு நாளைக்குத்தானே, அக்காதானே.

மறுநாள் காலையில் முதலில் அந்தப் பெஞ்சில் உட்கார வேண்டியவன் நீ. சின்னப் பிள்ளை, அதில் கச்சிதமாக இருப்பாய் என்று உன்னைத்தான் ஏற்றினேன். நீ அழுதாய், ஜன்னலோரம் வேண்டும் என்று காலை உதைத்தாய். நான் கையை ஓங்கினேன். அத்தை குறுக்கே வந்து உன்னைத் தூக்கி நடு வரிசையில் ஜன்னலோரமாக வைத்துவிட்டு, "நான் அங்கன உக்காந்துக்கிடுதேன். பிள்ளைய எதுக்குலே அழ வைக்கே" என்று பின்னால் ஏறிக்கொண்டாள். உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை என்றுதான் எழுத நினைத்தேன். கொஞ்சம் அதற்காகவும்தான் எழுதுகிறேன். இருபத்தைந்து வருஷம் நான் ஒருவனாகச் சுமந்தாயிற்று. இனி நீயும் ஒரு பக்கம் பிடி.

வண்டி புறப்பட்டதும் பின்னாலிருந்து அவள், "எல்லாரும் போற ஊரைப் பாக்கிய, எனக்கு விட்டுட்டு வந்த ஊருதான் தெரியுது" என்று சத்தமாகச் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். மூன்றடைப்புப் பக்கம் ஆடுகள் குறுக்கே வந்தன. பிரேக் போட்டேன். பெரிய வேகமில்லை. முன்னால் இருந்த எங்கள் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பெஞ்சு மட்டும் நாலு ஸ்க்ரூவையும் பிடுங்கிக்கொண்டு முன்னால் வந்தது. அவள் முதுகு நடு சீட்டின் இரும்புச் சட்டத்தில் அடித்தது. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது நினைவோடுதான் இருந்தாள். "சேலை வெலகியிருக்கான்னு பாருலே, எனக்குத் தெரியல" என்றாள். விலகித்தான் இருந்தது. சரிசெய்தேன். நான் காலைத் தொட்டது அவளுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டார். "பேச்சு சுவாரசியத்துல கம்பியைப் பிடிக்காம உக்காந்திருந்தா" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, தானாக வாயில் வந்தது. அப்புறம் உன் தாய்மாமாவிடம் சொன்னேன், சித்தப்பாவிடம் சொன்னேன், தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அது தேறிக்கொண்டே வந்தது. மறுநாள் கடைக்குப் போய் பெஞ்சைக் கழற்றிப் பழைய இரும்போடு போட்டேன். தரையில் இருந்த நாலு ஓட்டையையும் பட்டி வைத்து அடைத்து மேலே புது மேட் விரித்தேன். ஒரு மாதத்தில் வேனைக் கைமாற்றிவிட்டேன். என் கடையில் மாட்டிய சீட் கழன்றது என்று ஊரில் தெரிந்தால் அடுத்த நாள் எவனும் வண்டியை உள்ளே விட மாட்டான். கடை போனால் உன் படிப்பு போகும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உன் பெயரை அதற்கும் இழுத்துக்கொண்டேன்.

மூன்று வருஷம் அவள் பின்னறைக் கட்டிலில் கிடந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீ போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் வாசித்துக் காட்டுவாய். அது உனக்கு நினைவிருக்கும், அடிக்கடி சொல்கிறாய். நீ சொல்லாத ஒன்று எனக்கு நினைவிருக்கிறது. உனக்கு அப்போது பத்து வயது முடிந்திருக்கும். "கம்பியைப் பிடிச்சிருக்கலாம்லா அத்தை? பிடிச்சிருந்தா இப்ப நடப்பேல்லா?" என்று கோபமாகக் கேட்டாய். அவள், "ஆமாய்யா, தப்புதான். அத்தைக்குப் புத்தியில்ல" என்று உன்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நாளில் பார்க்க வருகிறவர்களிடம் அவளே அப்படிச் சொல்ல ஆரம்பித்தாள். கையை விட்டுவிட்டேன், என் தப்பு, தம்பி பாவம் பதறிப்போனான் என்று. மூன்றாவது வருஷம் அவள் அதை முழுக்க நம்பினாள். எந்தக் கையை விட்டாள் என்றுகூடச் சொல்வாள், இடது கையாம். அந்தப் பெஞ்சுக்கு அருகில் பிடிக்கக் கம்பியே கிடையாது. மாட்டியவன் நான், எனக்குத் தெரியாதா? கடைசி நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்குப் பாரமாயிட்டேன்லே. அன்னைக்குப் பிடிச்சு உக்காந்திருக்கணும்" என்றாள். நான், "சரி, விடுக்கா" என்றேன். அவளை நான் மன்னித்து அனுப்பி வைத்தேன், மகனே. நான்.

உன் மகளுக்கு அவள் பெயரைத்தான் வைத்தாய். பெயர் சூட்டிய அன்று உன் மாமனாரிடம், "எங்க அத்தை பேரு மாமா. வேன்ல பிடிக்காம உக்காந்து விழுந்துட்டாங்க" என்று சொன்னாய். நான் பக்கத்தில் இலை போட்டுக்கொண்டிருந்தேன். நான் செத்த பிறகும் அந்தப் பொய் உன் வாயில் உயிரோடு இருக்கும், அதைக் கேட்டு வளரப்போகிறவள் அவள் பெயரையே வைத்திருப்பவள். அன்றே சொல்லியிருக்க வேண்டும். சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனேன்.

ஆகவே நீ கேட்ட எண்: ஏழு. ஏழு சீட் வண்டியில் நடு வரிசை ஒரே பெஞ்சு, மூன்று பேர் உட்காரலாம். உன் அம்மாவைக் கதவோரம் உட்கார வை. காலை நீட்ட முடியும், இறங்கக் கையை ஊன்ற வேண்டியதில்லை. மூன்று பேராக உட்கார உன் மாமனாருக்குக் கஷ்டம் என்றால் என்னிடம் பேசச் சொல், அவர் புரிந்துகொள்கிற ஆள். கையெழுத்துப் போடுமுன் ஒரு காரியம் செய். வண்டியை மருமகள் ஓட்டட்டும். பின்வரிசையில் நீ உட்கார். வாசல் வரைக்கும் இல்லை, பெங்களூரிலிருந்து ஓசூர் வரை போய்த் திரும்பி வா. யாரும் உன்னிடம் பேச வேண்டாம் என்று முன்னமே சொல்லி வை. திரும்பி வந்த பிறகும் ஆறு சீட்தான் வேண்டும் என்றால் தாராளமாக வாங்கு. ஆனால் அதைக் குடும்ப வண்டி என்று யாரிடமும் சொல்லாதே. இதைப் படித்தபின் என்னை அப்பா என்று கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம். உன் அத்தை நடமாடிய வீட்டில் இருபத்தைந்து வருஷம் நான் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன். இனி நீ என்ன செய்தாலும் அது எனக்கு அதிகமில்லை.

இத்தோடு முடித்திருந்தேன். தபாலில் சேர்க்குமுன் உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இவ்வளவு வருஷம் கூட இருந்தவள் இதை உன் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று தோன்றியது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்து முடிக்கும்வரை அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஆஸ்பத்திரியில செண்பகம் மைனி சேலையை மாத்தும்போது உதறுனேன். ரெண்டு ஸ்க்ரூ விழுந்துச்சு. பதினோரு வருசமா ஒங்க கடைக்குச் சோறு தூக்கிட்டு வந்தவளுக்கு போல்ட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

பின்னே ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள். "மைனி விழுந்த பெறவுதான் இந்த வீட்டுச் சாவி என் இடுப்புக்கு வந்துச்சு. எம்புள்ள எங்கிட்ட வந்து சோறு கேட்டதும் அதுக்குப் பெறவுதான். நான் வாயைத் தொறந்திருந்தா அவங்க தப்பு இல்லைன்னாவது தெரிஞ்சு போய்ச் சேந்திருப்பாங்க. தெனமும் புண்ணைக் கழுவுனேன். தெனமும் சொல்லிரலாம்னு நெனைப்பேன். அவங்க எங்கிட்டயும் மன்னிச்சிருட்டின்னு கேப்பாங்க. நானும் சரி மைனின்னு சொல்லுவேன்."

அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கீரைத் தட்டை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டு அவளே சொன்னாள்: "அவனை ஆறு சீட்டே வாங்கச் சொல்லுங்க. சம்பந்தி வீட்டாளுக சௌகரியமா வரட்டும். பின்னால நான் உக்காருதேன்." மூட்டு என்ன ஆகும் என்றேன். "வலிக்கட்டும்" என்றாள். அப்படியென்றால் நானும் பின்னால் அவளோடு உட்காருவதாகச் சொன்னேன். அதற்கு மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

ஆகவே மேலே நான் எழுதிய எண்ணை அடித்துவிட்டுப் படி. ஆறு சீட் வண்டியையே வாங்கு. பின்வரிசை இரண்டு சீட்டும் தனித்தனியாக மடங்கும் என்று அந்த விற்பனைக்காரர் சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. அவள் பக்கத்தில் இருக்கும் சீட்டை எப்போதும் மடக்கியே வைக்கச் சொல்கிறாள். மடக்குகிற விதம் உனக்குப் பிடிபடாவிட்டால் சொல், நான் வந்து மடக்கித் தருகிறேன்.